சுண்ணாம்புக்கோட்டுக் கல்யாணம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்துதான் எங்கள் ஆபீசில் யாரும் என்னிடம் காலையில் எந்தச் செய்தியும் சொல்ல மாட்டார்கள். சாப்பாடு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். டைம்டேபிளுக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், நான் பின்பக்க மைதானத்தில் சுண்ணாம்பு டப்பாவும் கையுமாக ஒரு தேவாலயத்தின் சுவரைத் தரையில் போட்டுக்கொண்டிருந்த காலை வேளையில் வந்து நின்று, "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்குச் சாயங்கால வண்டியில கிளம்பறேன்" என்றான்.

டைம்டேபிள் என்பது அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். ரயில்கூடத் தாமதமாக வரும், அவன் வர மாட்டான். அவனை எனக்குப் பிடிக்கும். சும்மா பிடிக்கும் என்று சொன்னால் பொய். அவன் பென்சில் சீவும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய வேலை ஓடும். இதை அவனிடம் நான் சொன்னதில்லை, அவனும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஆண்டில் மட்டும் நானும் அவனும் எத்தனை முறை கல்யாணம் செய்துகொண்டோம் என்பதற்குக் கணக்கே கிடையாது. அது எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி தேவாலயங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் பேர் போனது. வேறு ஒன்றும் கட்டத் தெரியாது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஒரு மருந்துக்கடைக்காரர் ஆசைப்பட்டு எங்களிடம் வீடு கட்டச் சொன்னார். சமையலறைக்கு மணிக்கூண்டு வந்துவிட்டது, வரவேற்பறை ஒரு பிளாட்பாரம் நீளத்துக்குப் போய்விட்டது. அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை யாரென்று தெரிந்துகொள்ளவே பாதி தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று அவர் மனைவி புலம்பியதாகக் கேள்வி.

கம்பெனியை ஆரம்பித்தவர் என் கொள்ளுத்தாத்தா. அவருடைய முதல் தேவாலயம் பார்க்க அத்தனை அழகு. ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் முதல் சாவு விழுந்த அன்று சவப்பெட்டி வாசல் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இப்படித் தூக்கி, அப்படிச் சாய்த்து, கடைசியில் பெட்டியை நிமிர்த்தி வைத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். தன் சாவுக்கு நின்றுகொண்டே வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். அடுத்துக் கட்டிய ரயில் நிலையத்தில், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு, ஒரு மாப்பிள்ளை வேறொரு பெண் வீட்டார் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கொள்ளுத்தாத்தா மானஸ்தர். அன்றைக்கே சத்தியம் செய்தார். இனிமேல் எந்தக் கட்டடமும் காகிதத்திலிருந்து நேராகக் கல்லுக்குப் போகாது. முதலில் மைதானத்தில் நிஜ அளவிலேயே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். பிறகு ஆபீசில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் நடந்து பார்க்க வேண்டும். தேவாலயமென்றால் ஒரு கல்யாணம், ஒரு சாவு. ரயில் நிலையமென்றால் ஒரு வண்டி வந்து போக வேண்டும். எங்கள் பாஷையில் இதற்கு 'நடை' என்று பெயர். நாள் முழுக்கக் குனிந்து படம் போடுகிறவர்களுக்கு வேறென்ன திருவிழா வேண்டும்? நடை என்றால் எல்லோருக்கும் தலைகால் புரியாது.

நடைக்கு விதிகள் உண்டு. கோடு என்றால் சுவர். கோட்டில் விட்டிருக்கும் இடைவெளிதான் கதவு. எவ்வளவு அவசரமானாலும் சுவரைத் தாண்டக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்கக் கூடாது, அவர் பேசுவது காதில் விழவும் கூடாது. கணக்கு எழுதுகிறவர் ஒருமுறை சுவர் வழியாகத் தெரியாமல் நடந்துவிட்டார். மூக்கு உடைந்த மாதிரி மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்த வாரம் முழுக்க வேலைக்கு வரச் சொன்னார்கள், அவரும் வந்தார்.

இப்போது கம்பெனியை நடத்துவது என் அத்தையும் மாமாவும். தேவாலயமெல்லாம் அத்தை, ரயில் நிலையமெல்லாம் மாமா. ஹாலில் கிழக்குப் பாதி அவளுக்கு, மேற்குப் பாதி இவருக்கு. வீட்டில் சண்டை போட நேரம் இல்லாததால் ஆபீசில் போட்டுக்கொள்வார்கள். நடையின்போது அத்தை கையில் மணி இருக்கும். மாமா கழுத்தில் விசில், கக்கத்தில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. நான் அத்தை பக்கம். டைம்டேபிள் மாமா பக்கம்.

தேவாலய நடை என்றால் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் வேண்டுமே. அதற்கு அத்தை ஒரு நியாயம் வைத்திருந்தாள். "கல்யாணம் ஆனவங்கள நடக்கவிட்டா, எப்போ முடியும், எப்போ சாப்பிடலாம்னு ஓடறாங்க. ஆகாதவங்கதான் நிதானமா நடப்பாங்க." ஆபீசில் கல்யாணம் ஆகாதவர்கள் இரண்டே பேர். ஆக ஒவ்வொரு தேவாலயத்திலும் நான் ட்ரேசிங் பேப்பரை முக்காடாகப் போட்டுக்கொண்டு, தூசி தட்டும் பிரஷைப் பூச்செண்டாகப் பிடித்துக்கொண்டு நடப்பேன். டைம்டேபிள் பீடத்தின் முன்னால் நிற்பான். எஸ்டிமேட்காரர் பாதிரியாராக மாறி, "இவரை ஏத்துக்கச் சம்மதமா?" என்பார். நான் "சம்மதம்" என்பேன். உடனே வாசல் பக்கத்திலிருந்து அத்தை கத்துவாள்: "சத்தமா சொல்லு, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

நானும் சத்தமாகச் சொல்வேன். தேவாலயத்தில் குரல் எதுவரை போகிறது என்று பார்க்கவாம். சாயங்காலம் காவல்காரர் பைப்பை இழுத்து வந்து தரையைக் கழுவிவிடுவார். தேவாலயமும் போகும், கல்யாணமும் போகும்.

எனக்கு அவனைப் பிடித்துப்போனது கல்யாணத்தில் இல்லை, மழையில். மாமாவின் ஸ்டேஷன் ஒன்றுக்கு நடை. நான் வெளியே பழம் விற்கிறவள், அவன் காத்திருப்பு அறையில் பயணி. திடீரென்று கொட்டிவிட்டது. எல்லோரும் ஆபீசுக்குள் ஓடினார்கள். இவன் மட்டும் அசையாமல் நின்றான். "உள்ள வாங்க, இங்க கூரை இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டான். நானும் பைத்தியம் மாதிரி சுற்றிப் போய், கதவு வழியாக நுழைந்து, அவன் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தோம். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, "ஜன்னல் பக்கம் நிக்காதீங்க, சாரல் அடிக்கும்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவன்தான் ஊரைவிட்டுப் போகிறேன் என்று வந்து நிற்கிறான்.

அன்றைக்கு அத்தைக்கு முக்கியமான நடை. என்னை நம்பிக் கோடு போடச் சொல்லியிருந்தாள். தேவாலயத்தின் வலது மூலையில் மணப்பெண் காத்திருக்கும் அறை. அதன் மூன்று சுவர்களையும் முடித்துவிட்டு, உள்ளே நின்றபடி நாலாவதைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில்தான் கதவு வர வேண்டும்.

"எப்போ முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"போன வாரம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம்னு தினமும் பார்த்தேன். சாப்பாட்டுக்கு அப்புறமும் நீங்க கோவமாத்தான் இருந்தீங்க."

"நான் கோவமாவே இல்ல" என்றேன். டப்பாவை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். "அந்த வேலையில அப்படி என்ன இருக்கு?"

"நல்ல வேலை" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்போ போங்க. உங்களுக்கென்ன, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துடுவீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அத்தை மணியை அடித்துவிட்டாள். மணி அடித்தால் நடை ஆரம்பம், அவரவர் இடத்துக்குப் போய்விட வேண்டும். அவன் பீடத்துக்குப் போனான். நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. மணப்பெண் அறையில்தானே நின்றுகொண்டிருந்தேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தேவாலயம் கட்டச் சொன்ன பாதிரியார் தன் ஆட்களோடு மரத்தடி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார். நல்ல பருமன், நல்ல சிரிப்பு. கல்யாணத்தைத் தானே நடத்தி வைக்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். "நீங்க கட்டடத்தைப் பாருங்க, ஃபாதர். கல்யாணத்தை எங்க எஸ்டிமேட்காரர் பார்த்துப்பார்" என்று அத்தை சொல்லிவிட்டாளாம்.

எல்லாம் ஜோராகத்தான் ஆரம்பித்தது. ட்ரேசிங் பிரிவு அக்கா வாயாலேயே ஆர்கன் வாசித்தாள். கணக்கு எழுதுகிறவர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, உண்மையான பக்தர் போலத் தூங்கினார். மணப்பெண் வருவதற்கான மணி அடித்தது. நான் பிரஷை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன்.

கதவைக் காணோம்.

இந்தச் சுவரைப் பார்த்தேன், அந்தச் சுவரைப் பார்த்தேன். நாலு பக்கமும் கோடு பளிச்சென்று இருந்தது, ஒரு விரல்கூட நுழைய இடைவெளி இல்லை. கோபத்தில் கதவையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். அதுவும் உள்ளே நின்றுகொண்டு.

அத்தை இரண்டாம் முறை மணி அடித்தாள். ஆர்கன் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "பொண்ணு எங்க?" என்றாள் அத்தை.

"உள்ள மாட்டிக்கிட்டேன்" என்றேன். பயனில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், அவளுக்கு எப்படிக் கேட்கும்?

அத்தை எஸ்டிமேட்காரரைப் பார்த்து, "போய்க் கதவைத் தட்டுங்க" என்றாள். அவர் அங்கியை, அதாவது மேசை விரிப்பை, தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பிப் போய் மெதுவாகச் சொன்னார்: "எந்தக் கதவைத் தட்டறதும்மா?"

மைதானம் முழுக்க ஆள் ஆளுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஆர்கன் பாதியில் நின்றது. அந்த நிசப்தத்தில் மாமாவின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. "எங்க ஸ்டேஷன்ல எல்லாம் கதவு உண்டு" என்றார். அத்தை பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிவிட்டார்.

"படத்துல கதவு இருக்கும்மா" என்றார் எஸ்டிமேட்காரர்.

"படத்துல இருந்தா என்ன? தரையில இல்லையே. தரையில இருக்கறதுதான் கட்டடம்" என்றாள் அத்தை. தாத்தா வழி வந்த பிடிவாதம். முகம் சிவந்திருந்தாலும் குரல் மாறவில்லை.

பாவம், பாதிரியாருக்கு எங்கள் விதிகள் தெரியாது. "அந்தப் பொண்ணு கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வெச்சா வந்துடலாமேம்மா" என்றார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள்.

"ஃபாதர், அது ஒண்ணரை அடி கருங்கல்" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. பாதிரியாரும் உற்சாகமாகிவிட்டார். கதவை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவருடைய ஆட்கள் எழுந்து வந்து யோசிக்க ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் வைத்தால் பாட்டுக்காரர்கள் மேல் போய் இடிப்பாள் என்றார் ஒருவர். அந்தப் பக்கம் வைத்தால் மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வருவாள் என்றார் இன்னொருவர். ஜன்னல் வழியாக இறக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். "கம்பி போட்டிருக்குங்க" என்று எஸ்டிமேட்காரர் வருத்தத்தோடு சொன்னார். கணக்கு எழுதுகிறவர் தூக்கம் கலைந்து, கல்யாணம் முடிந்துவிட்டதா, சாப்பிடப் போகலாமா என்றார்.

ஏன் நானே தாண்டி வந்திருக்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். முயன்றேன். கால் எழும்பவில்லை. நடக்கப் பழகியதே அந்த மைதானத்தில்தான். எனக்கு அது கோடு இல்லை, சுவர்.

அப்போதுதான் பீடத்தின் முன்னால் நின்ற டைம்டேபிள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இவர்கள் கதவுக்கு இடம் பார்த்து முடிப்பதற்குள் அவன் கிளம்பிவிடுவான். கடைசியாக ஒருமுறை அவன் பக்கத்தில் போய் நிற்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதுவும் என் கையால், என் கோபத்தால். தரையில் உட்கார்ந்து முக்காட்டுக்குள் அழுதேன். ட்ரேசிங் பேப்பர் நனைந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. என்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. விதி அப்படி. எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

டைம்டேபிள் பீடத்திலிருந்து இறங்கினான். குறுக்கே வரவில்லை. நடுப்பாதையில் நேராக நடந்து, பெஞ்சுகளைச் சுற்றி, வாசல் வழியாக வெளியே போய், வெளிச்சுவரை ஒட்டியே நடந்து என் சுவருக்கு முன்னால் வந்து நின்றான். கையை மடக்கி இரண்டு முறை தட்டினான், காற்றில்.

"யாரு?" என்றேன்.

"நான்தான்."

"கதவு இல்ல."

"என்ன? கேக்கல." ஒன்றரை அடி கருங்கல் ஆயிற்றே. இரண்டு பேரும் கத்த வேண்டியிருந்தது.

"கதவு இல்லன்னு சொன்னேன்."

"தெரியுது. நான் பேசினதாலதான் கதவு போச்சு. உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

வாயைத் திறந்தான். மூடினான். காது மடல் சிவந்துபோயிற்று. "இதைக் கத்திச் சொல்ல முடியாது" என்று கத்தினான்.

அப்புறம் அவன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மழை பெய்தாலும் கூரையை நம்பி நின்றவன், யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கோட்டைச் சுற்றித்தான் நடந்தவன், கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவருக்குள் காலை வைத்தான். ஷூவில் பட்டுக் கோடு கலைந்தது. ஆர்கன் அக்கா "ஐயோ" என்றாள். எஸ்டிமேட்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவன் உள்ளே வந்துவிட்டான். கதவில்லாத அறையில் நாங்கள் இரண்டு பேர். மைதானம் நிறைய ஆட்கள், ஆனால் யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது, கேட்கக் கூடாது. அவ்வளவு தனிமை எங்களுக்கு அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

"நல்ல வேலைன்னு சொன்னது பொய்" என்றான் மெதுவாக. "சாக்கடை வேலைதான். இன்ஜின் ஷெட்டுக்கு வடிகால் படம் போடணும்."

"பின்ன ஏன் போறீங்க?"

"ஒவ்வொரு தடவையும் உன்னைக் கட்டிக்கறேன். நீயும் சம்மதம்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்ற. சாயங்காலமானா பைப்பைப் போட்டுக் கழுவி விட்டுடறாங்க. மறுநாள் நீ எதுவுமே நடக்காத மாதிரி என்கிட்ட ரப்பர் கேக்கற. என்னால இனிமே முடியாது. அதான் போறேன்."

நான் அவனிடம் ரப்பர் கேட்டதெல்லாம் என்னிடம் ரப்பர் இல்லாததால் இல்லை. என் டிராயர் நிறைய ரப்பர். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குள் அவன் என் கன்னத்தில் ஒட்டியிருந்த ட்ரேசிங் பேப்பரை மெல்லப் பிரித்துவிட்டான். "கழுவ முடியாத மாதிரி ஒரு தடவை கட்டிக்கலாமா?" என்று கேட்டான்.

"சம்மதம்" என்றேன். குரலே வரவில்லை. காற்றுதான் வந்தது.

எல்லோரும் மரத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது வாசல் பக்கத்திலிருந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அத்தை, வாழ்க்கையில் ஒருமுறைகூட விதியை மீறாத என் அத்தை, திரும்பாமலே சொன்னாள்:

"சத்தமா சொல்லு, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

நான் எழுந்து நின்றேன். "சம்மதம்" என்று கத்தினேன். இதுவரை கட்டிய எல்லாத் தேவாலயங்களின் கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துக் கத்தினேன். அத்தை மணியை அடித்த அடியில் அதன் நாக்கு கழன்று ஓடியது. மாமா சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்து, விசில் ஊதி, "சாயங்கால வண்டி ரத்து" என்று அறிவித்தார். அவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கு எழுதுகிறவர், இப்போதாவது சாப்பிடலாமா என்றார்.

பாதிரியார் எழுந்து வந்து, டைம்டேபிளின் ஷூ பட்டுக் கலைந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். "கதவு இங்கேயே இருக்கட்டும்மா" என்றார் அத்தையிடம். "ரெண்டு ஆள் சேர்ந்து வர்ற மாதிரி கொஞ்சம் அகலமா வெச்சுக்குங்க. இந்தத் தடவை கல்யாணத்தை நான்தான் நடத்துவேன்."

சாயங்காலம் காவல்காரர் வழக்கம்போல் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். நானும் அவனும் அந்த அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தோம், என் டிராயரிலிருந்த ரப்பர்களை எல்லாம் அவன் மடியில் கொட்டிக்கொண்டு. அத்தை மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பைப்பைச் சுருட்டி வை" என்றாள். "இன்னைக்குக் கழுவ வேண்டாம்."